என் பெயர் இல்லாத சிவப்புத் திரை

வானம் பார்க்கும் சங்கத்தில் நான் சேர்ந்த முதல் மாலையே எனக்கு ஏச்சு விழுந்தது.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பதினொரு பேர். நிலா இல்லாத சனிக்கிழமைகளில் அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய விளையாட்டு மைதானத்தில் கூடுவார்கள். தலைவர், பண்டாரவளையில் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ‘சேர்’. தொலைநோக்கி அவருடையது, வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பியது. நான் பன்னிரண்டாவது ஆள், ஒரே பெண். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்தவளும் நான் ஒருத்திதான்.

அன்று மடிக்கணினியைக் கொண்டு போயிருந்தேன். பார்ப்பதைக் குறித்து வைக்கலாம் என்று ஒரு புதிய பக்கத்தைத் திறந்தேன். பக்கம் வெள்ளை. அந்த வெள்ளை வெளிச்சம் மைதானம் முழுவதும் அடித்தது.

“ஐயோ!” என்று யாரோ கண்ணைப் பொத்திக்கொண்டார்.

“யாரு அது? யாரோட லைட் அது? அணை! அணைங்கிறேன்ல!”

நான் பதறிப் போய் மூடினேன். இருட்டில் சேரின் குரல் மட்டும் வந்தது.

“அரை மணித்தியாலமா எல்லாரும் கண்ணப் பழக்கி வச்சிருக்கோம். ஒரு செக்கன்ல நாசம் பண்ணிட்டியே புள்ள. நீ எந்தத் தோட்டம்?”

சொன்னேன்.

“லயத்துலதான வளந்த? கரண்ட் வர்றதுக்கு முந்தி உங்க ஆளுங்க இருட்டுலதான இருந்தாங்க? உனக்குக் கொஞ்ச நேரம் இருட்டுல இருக்கத் தெரியாதா?”

சிரித்தார்கள். எல்லோரும் இல்லை, ஆனால் சிரிக்காதவர்கள் யார் என்று இருட்டில் தெரியவில்லை. அதனால் எல்லோருடைய கணக்கிலும் அந்தச் சிரிப்பைச் சேர்த்தேன்.

தவறு என்னுடையதுதான். மறுக்கவில்லை. இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும். மங்கலான நட்சத்திரக் கூட்டங்கள் அதற்குப் பிறகுதான் தெரியும். ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிவப்பு வெளிச்சம், அதுவும் மங்கலாக இருந்தால், அந்தப் பழக்கத்தை அவ்வளவாகக் கலைக்காது. அதனால்தான் அங்கே எல்லோருடைய டோர்ச்சிலும் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. “சிவப்புதான் பாவிக்கணும்” என்று சொல்லியிருந்தால் ஐந்து வார்த்தைகூட ஆகியிருக்காது. அவர் என் லயத்தை இழுத்தார்.

கடைசி பஸ்ஸில் திரும்பி வரும்போது முழங்காலில் பையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தை யோசித்தேன். இந்த மனிதர் ஒரு நாள் என்னிடம் வந்து கேட்க வேண்டும். எதைக் கேட்க வேண்டும் என்று அப்போது தெரியாது. கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான்தான் முதல். ஏ.எல். பரீட்சை எழுதி, பதுளையில் கெம்பஸ் போய், கணினி படித்தேன். இப்போது கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறேன். லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் ஒரு மூலையில் மேசை. மேசைக்குப் பக்கத்தில் சாமிப் படங்கள், அவற்றுக்கு முன்னால் எந்நேரமும் எரியும் சின்னச் சிவப்பு பல்பு. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் அம்மா விடிகாலை நான்கு மணிக்கு அந்த வெளிச்சத்தில்தான் எழுந்து தேத்தண்ணி ஊற்றுவாள். எங்கள் யாருடைய தூக்கமும் கலையாது.

அவமானப்பட்டு வந்த மறுநாள் விடிகாலை, அந்த பல்பின் வெளிச்சத்தில் அம்மா கோப்பை தேடுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு எழுந்து வெளியே போய் வானத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கத் தேவைப்படவில்லை. நிறைய நட்சத்திரம். உள்ளே வந்து கணினியைத் திறந்தேன். கண் கூசியது. அந்த இடத்தில்தான் எனக்கு வேலை தொடங்கியது.

நட்சத்திர வரைபடம் காட்டும் மென்பொருள்களில் சிவப்பு நிறம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது அந்த மென்பொருளோடு சரி. அதை விட்டு வெளியே வந்து ஒரு கோப்பைத் திறந்தால் வெள்ளை. ஒரு செய்தி வந்து மூலையில் எட்டிப் பார்த்தால் வெள்ளை. சுட்டியின் அம்புக்குறிகூட வெள்ளை. எனக்கு வேண்டியது முழுத் திரையையும் பிடித்து அமுக்கும் ஒரு சின்ன மென்பொருள். ஒரு விசையைத் தட்டினால் கணினியில் எது நடந்தாலும் சிவப்பாக மட்டும் வெளியே வர வேண்டும்.

திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வெளிச்சம். மூன்றும் எரிந்தால் வெள்ளை. பச்சையையும் நீலத்தையும் அணைத்துவிட்டால் மிஞ்சுவது சிவப்பு. முதல் வடிவத்தில் நான் செய்தது இவ்வளவுதான். ஆனாலும் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் முழுக் கறுப்பாக இல்லை; திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு கசிந்து ஒரு சாம்பல் வெளிச்சம் தெரிந்தது. அதற்கு மென்பொருளால் ஒன்றும் செய்ய முடியாது. பண்டாரவளைக்குப் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போன் திருத்தும் கடை வைத்திருப்பவரும் சங்கத்தில் ஒருவர். முஸ்லிம், ஊருக்கே அவர் ‘நானா’, அதாவது அண்ணன்.

“நானா, வெசாக் வெளக்குக் கூட்டுக்கு ஒட்டுற செவப்பு செலோபேன் எங்க கெடைக்கும்?”

“வெசாக் முடிஞ்சி எத்தன மாசம் மகள்? கூடு கட்டவா போறீங்க?”

“லெப்டொப்புக்கு ஒட்டப் போறேன்.”

அவர் கையிலிருந்த போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “சேர் ஏசினதுக்கா?”

“ஆமா.”

“அன்டைக்கி நான் சிரிக்கல்ல, சரியா? அத மனசில வெச்சிக்கோங்க.” பக்கத்துக் கடையிலிருந்து அவரே இரண்டு தாள் வாங்கி வந்து கொடுத்தார். அவரை என் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். மற்றவர்கள் இருந்தார்கள்.

அடுத்த மாதம் மைதானத்தில் எல்லோரும் கண்ணைப் பழக்கி உட்கார்ந்திருந்தபோது, யாரிடமும் சொல்லாமல் மடிக்கணினியைத் திறந்தேன். இருட்டில் ஒரு கங்கு மாதிரி திரை எரிந்தது. யாரும் கத்தவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்து பார்த்தார்கள். கோப்புகளைத் திறந்து மூடிக் காட்டினேன். எல்லாம் சிவப்பு.

சேரும் வந்தார். நெடுநேரம் குனிந்து பார்த்தார். திரையின் அடியில் என் பெயரையும் தோட்டத்தில் எங்கள் டிவிஷனின் பெயரையும் ஒரு வரியில் போட்டிருந்தேன். அதன்மேல் விரலை வைத்தார்.

“இது எதுக்கு?”

“நான் செஞ்சது, சேர். அதான்.”

“எழுத்து கூடினா வெளிச்சம் கூடும் புள்ள. தேவையில்லாத வெளிச்சம். அத எடுத்துட்டு நம்ம சங்கத்து லெப்டொப்புல ஏத்திக் குடு.”

வெளிச்சத்தைப் பற்றி அவர் சொன்னது சரிதான் என்று எனக்குத் தோன்றியது. ஒரு வரி எழுத்தும் வெளிச்சம்தானே. போன மாதம் வெளிச்சத்துக்காக ஏச்சு வாங்கியவள், இந்த மாதம் அதே காரணத்துக்காக ஏச்சு வாங்க விரும்பவில்லை. அங்கேயே உட்கார்ந்து என் பெயரை அழித்தேன். பெயரில்லாத அந்த வடிவத்தை அவரிடமிருந்த சங்கத்து மடிக்கணினியில் ஏற்றினேன். அவர் நன்றி சொல்லவில்லை. “ம், பரவால்ல” என்றார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவள் கொழுந்துச் சாயம் ஏறிய விரல்களை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“பேர வச்சி என்னா செய்யப் போற? வேல நடக்குதுல்ல?”

“ஒனக்கு வேல நடந்துச்சு. பேரு எங்க இருக்கு?”

அம்மா சிரித்தாள். அவள் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் இன்னொரு மாதிரி. எழுதிய கிளாக்கர்மார் யாரும் அவளிடம் ஒரு தடவை திருப்பிக் கேட்கவில்லை. அவளுடைய சேமலாப நிதிப் பணத்துக்கு அலைந்தபோது இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் கடிதம் வாங்கக் கூட்டிப் போனவள் நான். கையெழுத்துப் போட்டவளும் நான். பெயரை விட்டுவிடு என்று எனக்கு யாரும் சொல்ல முடியாது, அம்மாகூட.

“போய் அவருகிட்டயே கேளு, பேர திரும்பப் போடுங்கன்னு.”

“நான் கேக்க மாட்டேன். அவரு கேக்கணும்.”

“ஒன் கொழுப்பு ஒன்ன விட்டு எறங்காது” என்று அம்மா கையைக் கழுவப் போனாள்.

மென்பொருளில் ஒரு பிழை இருப்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். அதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

என் பழைய பரீட்சைத் தாள்களை அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறாள். டின் துருப்பிடிக்கத் தொடங்கியதால் எல்லாவற்றையும் படம் எடுத்துக் கணினியில் போட்டேன். ஒரு மாலை, சிவப்புத் திரை ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் படம் ஒன்றைத் திறந்தேன். நீலப் பேனாவில் நான் எழுதிய விடைகள் கறுகறுவென்று நின்றன. சேர்மாரும் டீச்சர்மாரும் சிவப்புப் பேனாவில் போட்ட சரி, பிழை, புள்ளி, ‘கவனம் போதாது’, ‘கையெழுத்தைத் திருத்துக’ எல்லாம் மறைந்து போயிருந்தன. ஒன்றுகூட இல்லை. திருத்தப்படாத தாள். அடுத்ததைத் திறந்தேன். அதிலும் நான் மட்டும்தான் இருந்தேன்.

காரணம் எளிது. வெள்ளைத் தாளிலும் சிவப்பு இருக்கிறது, சிவப்பு எழுத்திலும் சிவப்பு இருக்கிறது. பச்சையையும் நீலத்தையும் அணைத்துவிட்டால் தாளுக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் இல்லை. வெள்ளையில் சிவப்பால் எழுதியது எதுவாக இருந்தாலும் என் மென்பொருள் அதைத் தின்றுவிடும்.

சரி செய்ய இரண்டு வாரம் போனது. முதலில் ஒவ்வொரு நிறமும் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசம் என்று கணக்கிட வேண்டும். பிறகு அந்த அளவைச் சிவப்பில் மட்டும் காட்ட வேண்டும். அப்போது வெள்ளை பிரகாசமாகவும் சிவப்பு எழுத்து மங்கலாகவும் வரும், படிக்கலாம். அதையும் புரட்டிப் போட்டு, தாள் இருட்டாகவும் எழுத்து ஒளியாகவும் வரும்படி செய்தேன். இரண்டாவது வடிவம் என் கணினியில் மட்டும் இருந்தது. சங்கத்து மடிக்கணினியில் பழையதுதான். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையாகவே நினைத்திருந்தேன்.

அதற்கு முன் அழைப்பிதழ் வந்தது.

தை பிறந்து வானம் தெளிந்ததும், சுற்றுவட்டாரப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு வானம் பார்க்கும் மாலை நடத்தச் சங்கம் முடிவு செய்திருந்தது. கல்வி அதிகாரி ஒருவர் விருந்தினர். அழைப்பிதழைச் சேர் எங்கள் வட்சப் குழுவில் போட்டார். நடுவில் ஒரு வரி: ‘இரவுப் பார்வையைக் காக்கும் சிவப்புத் திரை மென்பொருள் அறிமுகம். வடிவமைப்பு:’. அதற்குப் பக்கத்தில் சேரின் பெயர், பட்டத்தோடு.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. கீழே ஒன்பது பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

அடுத்த நாள் சேர் இன்னொன்றையும் போட்டார். அன்று காட்டப் போகும் பொருட்களின் பட்டியல். எது எங்கே இருக்கிறது, தொலைநோக்கியை எந்த எண்ணுக்குத் திருப்ப வேண்டும், எதைப் பற்றி என்ன பேச வேண்டும் எல்லாம் அதில் இருந்தது. முப்பது வருடம் சிவப்புப் பேனா பிடித்த கை. முக்கியம் என்று அவர் நினைத்ததையெல்லாம் சிவப்பில் அடித்திருந்தார். முக்கியமில்லாதது என்று அவர் எதையும் நினைக்கவில்லை. பட்டியல் மேலிருந்து கீழ்வரை சிவப்பு.

நான் படித்த பாடசாலையில் சிவப்புப் பேனா ஆசிரியர்களுக்கு, பச்சைப் பேனா அதிபருக்கு. சேர் அதிபராக ஆசைப்பட்டுக் கடைசிவரை ஆகவில்லை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆகியிருந்தால் பச்சையில் அடித்திருப்பார். பச்சை என் மென்பொருளில் கறுப்பாக, அழகாகத் தெரிந்திருக்கும். அதை நினைத்து நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நானாவின் கடைக்குப் போனேன். அவரிடம் மட்டும் சொன்னேன்.

“அப்ப அன்டைக்கி ஒண்டுமே தெரியாதா?”

“கோடு மட்டும் தெரியும். கட்டம் கட்டமா.”

“யா அல்லாஹ்.” வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு நிறுத்தினார். “சேருக்குச் சொல்லல்லையா மகள்?”

“கேட்டா சொல்வேன்.”

“தெரியாதத எப்பிடிக் கேக்குற?”

“செஞ்ச ஆளுக்குத் தெரியாதா, நானா? அவருதானே செஞ்சாரு. அழைப்பிதழ்ல இருக்கு.”

அவர் ஒரு போனின் பின்மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். “டீச்சர்மார் வாராங்களே. அவங்க என்ன பிழை செஞ்ச?”

“ரெண்டாவத என் லெப்டொப்புல கொண்டு வருவேன்” என்றேன். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

நிகழ்ச்சியன்று மாலை ஏழு மணிக்கெல்லாம் மைதானம் நிறைந்துவிட்டது. இருபதுக்கு மேல் ஆசிரியர்கள், மப்ளரும் ஸ்வெட்டருமாக. கொஸ்லாந்தைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையிலிருந்து ஓர் இளம் டீச்சர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.

“நான் இதுவரைக்கும் ஒரு தொலைநோக்கியத் தொட்டதே இல்லங்க. பிள்ளைகளுக்குப் படம் காட்டித்தான் படிப்பிக்கிறேன்” என்றார். “எட்டே காலுக்கு பஸ். அதுக்குள்ள ஒண்ணு ரெண்டு பாத்துடலாமா?”

“பாத்துடலாம்” என்றேன்.

சேர் நன்றாகப் பேசினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். கண் இருட்டுக்கு எப்படிப் பழகுகிறது என்று விளக்கினார். “ஒரு வெள்ளை வெளிச்சம் போதும், எல்லாம் வீண்” என்றார். தான் இரவு பகலாக உழைத்து உருவாக்கிய மென்பொருள் என்றார். அதிகாரி கைதட்டினார். நானா இருட்டில் இருமினார். அரை மணித்தியாலம் எல்லோரும் அமைதியாகக் காத்திருந்தோம். வானம் மெல்ல மெல்ல நிறைந்தது.

பிறகு சேர் சங்கத்து மடிக்கணினியைத் திறந்தார். சிவப்பு. “ஆஹா” என்றார்கள். பட்டியலைத் திறந்தார்.

கட்டங்கள் வந்தன. கட்டங்களுக்குள் ஒன்றுமில்லை.

சேர் மூடித் திறந்தார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். வெறும் சிவப்புத் தாள், சன்னமான கோடுகளோடு.

“லிஸ்ட் வெறுமையா இருக்கே, சேர்?” என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

“இல்ல, இல்ல. இருக்கு. நேத்து இருந்துச்சு.”

“பாடக் குறிப்பு எழுதாம வந்துட்டாரு போல” என்று பின்னால் ஒரு குரல். சிரிப்பு. இந்தச் சிரிப்பில் யார் யார் என்று எனக்குத் தெரிந்தது. என் கண் பழகியிருந்தது.

சேர் தலையைத் திருப்பித் தேடினார். “புள்ள, இங்க வா. இது என்னன்னு பாரு.”

நான் எழுந்து நின்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “சேர் செஞ்சதுல நான் எப்படி சேர் கை வைக்கிறது?”

தலைகள் எல்லாம் சேர் பக்கம் திரும்பின. எனக்குப் பிடித்த நிமிடம் அது. பொய் சொல்லப் போவதில்லை.

அந்தப் பதற்றத்தில் சேர் செய்யக் கூடாததைச் செய்தார். மென்பொருளை நிறுத்தினார். செலோபேன் ஒட்டாத அந்தத் திரையிலிருந்து முழு வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் மைதானத்தில் வெடித்தது. இருபது பேரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பினார்கள். அரை மணித்தியாலக் காத்திருப்பு ஒரு நொடியில் போனது. திரையில் மட்டும் பட்டியல் பளிச்சென்று இருந்தது, மேலிருந்து கீழ்வரை சிவப்பில்.

அதிகாரி கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார்: “இது நீங்க செஞ்ச மென்பொருள்தானே, மாஸ்டர்?”

சேர் சொன்னார்: “இந்தப் புள்ளதான் செஞ்சுச்சு, சேர். இதுலதான் பிழை.”

நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. பாராட்டு வரும்வரை அவருடையது. பிழை வந்ததும் என்னுடையது. ஆனால் சொல்லிவிட்டார். இருபது ஆசிரியர்களுக்கும் ஓர் அதிகாரிக்கும் முன்னால், தன் வாயாலேயே.

“ஆமாங்க” என்றேன். “நான்தான் செஞ்சேன். சேர் இப்பதான் சொல்றாரு.”

நானா உரக்கச் சிரித்தார். மறைக்கவே இல்லை.

பிழை என்ன என்று இரண்டு நிமிடத்தில் சொன்னேன். வெள்ளையிலும் சிவப்பு இருக்கிறது என்றதும் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு உடனே புரிந்தது. ஒருவர் “அட, இதத்தானே நான் ஒன்பதாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிறேன்” என்று தலையில் தட்டிக்கொண்டார். என் மடிக்கணினியைத் திறந்தேன். இரண்டாவது வடிவத்தில் அதே பட்டியல் இருண்ட தாளில் வரி வரியாக வந்தது. ஆனால் கண்கள் மறுபடி பழக வேண்டும். மறுபடி அரை மணித்தியாலம்.

கொஸ்லாந்தை டீச்சருக்கு அவ்வளவு நேரம் இல்லை. ஐந்து நிமிடத்தில் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தார். நான் அதை அந்திரோமேடா விண்மீன் திரளுக்குத் திருப்பியிருந்தேன்.

“ஒண்ணும் தெரியலங்க. கறுப்பா ஒரு வட்டம் மட்டும்தான்.”

“கண்ணு பழகணும். இன்னும் கொஞ்சம் இருந்தா...”

“பஸ் போயிரும்” என்று பையை எடுத்துக்கொண்டார். “பரவால்ல. நீங்க செஞ்சது நல்லா இருக்கு” என்று வேறு சொன்னார். அவருடைய பெயரை நான் கேட்கவில்லை. மற்றவர்கள் ஒன்பது மணிவரை இருந்து எல்லாம் பார்த்தார்கள், வியந்தார்கள், என்னோடு படம் எடுத்தார்கள். அந்த ஒருவர் மட்டும் ஒன்றும் பார்க்காமல் மலை இறங்கினார். அதற்குக் காரணம் சேர் பாதி என்றால் நான் பாதி. அதை நான் இன்றுவரை சரி செய்யவில்லை. சேருக்கு நடந்ததற்காக ஒரு துளிகூட வருத்தமில்லை.

மூன்றாம் நாள் சேர் எனக்குப் போன் எடுத்தார்.

“மகள்” என்றார். முன்பு புள்ள, இப்போது மகள். “அந்தப் புதுசையும் சங்கத்து லெப்டொப்புல ஏத்தித் தர முடியுமா?”

கேட்டுவிட்டார். பஸ்ஸில் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு நான் விரும்பியது இதுதான்.

“தரலாம் சேர். செஞ்சது யாருன்னு குரூப்புல எழுதுங்க. அழைப்பிதழப் போட்ட அதே குரூப்புல.”

“அதெல்லாம் எதுக்கு, எல்லாருக்கும் தெரியுமே.”

“தெரியும்னா எழுதறதுல கஷ்டமில்லையே, சேர்.”

அன்று மாலை குழுவில் ஒரு செய்தி வந்தது. ‘இம்மென்பொருளை உருவாக்குவதில் எமக்கு உதவிய’ என்று தொடங்கி என் பெயர். நான் பதில் போட்டேன்: ‘உதவிய இல்லை, சேர்.’ இரண்டாம் நாள் காலையில் அவர் தன் செய்தியை அழித்துவிட்டு வேறு எழுதினார். ‘உருவாக்கியவர்’ என்று போட்டு என் பெயர். எங்கள் டிவிஷன் பெயரையும் சேர்த்தால்தான் தருவேன் என்று தனியாக எழுதினேன். சேர்த்தார். டிவிஷனின் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்; பழைய வாத்தியார் அல்லவா.

அம்மா, “போதும்டி, வயசான மனுசன்” என்றாள். எனக்குப் போதவில்லை.

இரண்டாவது வடிவத்தை ஏற்றிக் கொடுத்தேன். பிறகு யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இணையத்திலும் போட்டேன். அதைத் திறந்தால் முதலில் இருண்ட திரையில் மங்கலான சிவப்பு எழுத்தில் என் பெயரும் எங்கள் டிவிஷனின் பெயரும் வரும். மூன்று வினாடி நிற்கும். எந்த விசையைத் தட்டினாலும் போகாது. கண்ணைக் கெடுக்காத அளவு வெளிச்சம்தான், அளந்து வைத்திருக்கிறேன். சங்கத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் சேர் அதற்காக மூன்று வினாடி காத்திருக்கிறார். நானும் பக்கத்தில் நின்று காத்திருக்கிறேன்.

போன மாதம் எங்கோ வெளிநாட்டிலிருந்து ஒருவர் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். மென்பொருள் அருமை, தினமும் பாவிக்கிறேன், தொடக்கத்தில் வரும் அந்தப் பெயர் மட்டும் கொஞ்சம் நேரம் எடுக்கிறது, ஒரு வினாடியாகக் குறைக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

நன்றி சொல்லிப் பதில் எழுதினேன். அடுத்த வடிவத்தில் அதை நான்கு வினாடி ஆக்கினேன்.